படங்களுக்குப் பின்னால் இருந்தவள்

அன்பு மகள் சின்னக்கண்ணுவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற சேதிக்காக, வாசலில் தபால்காரர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுகிறேன். முதலில் பிள்ளைகள் சேதி. உன் அண்ணன் மகள் பெரிய பரீட்சையில் தேறி, பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், அவள் போட்ட கணக்கின் மேல் நாளைக்கு ரயில் போகுமாம், இத்தனைக்கும் வீட்டில் ஆறு பேருக்கு ஐந்து டம்ளர் கொண்டுவந்து வைக்கிறவள். அவள் தம்பி குட்டையன் இப்போது கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்கிற உயரம், ஆனாலும் குட்டையன் குட்டையன்தான், நீச்சலில் முதலாவதாக வந்து வெள்ளிக் கோப்பை வாங்கினான், அந்தக் கோப்பையிலேயே எனக்கு மாத்திரை போடத் தண்ணீர் கொண்டுவந்தான். உன் பிள்ளை பள்ளிக்கூட மேடையில் பயப்படாமல் நின்று பாடினான் என்று நீ எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி ஒரு நாள் படிக்க எடுத்தபோது, அக்கா, அவன் இன்னுமா பாடிக்கிட்டிருக்கான், தொண்டை வத்தாதான்னு கேட்கிறாள். பொறாமை, வேறென்ன. நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இந்தத் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது சொல்லு.

சொந்த வீடு வாங்கிவிட்டோம் என்று நீ எழுதியதைப் படித்து வயிறு குளிர்ந்தது. அண்ணி அனுப்பிய நம் வீட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, இதே மாதிரிதான் நானும் செய்யப்போறேன், நீ என்னம்மா சொல்றேன்னு கேட்டிருந்தாய். கேட்டதால் சொல்கிறேன், செய்யாதே. முதலில் இந்தச் சாம்பல் நிறம். இப்போது எல்லோர் வீட்டிலும் இதுதானாம், ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் மழைக்கு முன்னால் வானம் இருக்கிற மாதிரி இருக்கிறது, மழைதான் வரக் காணோம். சாயங்காலம் ஆகும் முன்பே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை கட்டி அதில் பொட்டுப் பொட்டாக விளக்கு வைத்திருக்கிறார்கள், கீழே யார் முகத்திலும் வெளிச்சம் நேராக விழுவதில்லை, எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல், நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் மாதிரி. அந்தப் பொய்க்கூரைக்கு மேலே ஏதோ நடக்கிறது. எலி என்கிறான் உன் அண்ணன். நானும் எலி என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். சமையலறை அலமாரிகளுக்குக் கதவு வேண்டாம், திறந்திருந்தால்தான் ஃபேஷன் என்று எடுத்துவிட்டார்கள், இப்போது ஒவ்வொரு டப்பாவும் எண்ணெய்ப் பிசுக்கு, துடைத்துத் துடைத்து அண்ணிக்கு மணிக்கட்டு வலி. மூலைக்கு மூலை பிளாஸ்டிக் செடி, அது வாடாது, வளராது, தூசி மட்டும் அதில் நன்றாக வளர்கிறது. சோபாவுக்குப் பின்னால் இது சந்தோஷம் குடியிருக்கும் வீடு என்று சுவரில் எழுத்து ஒட்டியிருக்கிறார்கள், அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அண்ணனும் அண்ணியும் கரண்ட் பில்லுக்குச் சண்டை போடுகிறார்கள். வாசலுக்கு நேரே ஆளுயரத்துக்குமேல் கண்ணாடி, ஹால் பெரிதாகத் தெரியுமாம். வேலையெல்லாம் முடிந்து கடைசியாகக் கண்ணாடி மாட்டிய அன்று நான் தூங்கி எழுந்து ஹாலுக்கு வந்தேன், எதிரே யாரோ ஒரு வயதான அம்மா நிற்கிறாள், வாங்க, உட்காருங்கன்னு சொல்லிவிட்டேன். அவளும் வாயை அசைத்தாள். குட்டையன் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தான். நானும் சிரித்தேன், ஆனால் அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

நீ என்ன செய்யணும் என்றால், சுவருக்கு வெண்ணெய் நிறம் அடி, அது காலையில் ஒரு மாதிரி இருக்கும், சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும், அலுக்காது. துவைக்கிற பருத்தித் துணியில் திரை போடு. நாற்காலி வாங்கினால் கை வைத்த மர நாற்காலியாக வாங்கு, இன்றைக்கு உனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது, கையை ஊன்றி எழுந்திருக்கிற நாள் எல்லோருக்கும் வரும். பக்கத்தில் ஒரே ஒரு விளக்கு, உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வெளிச்சம் விழுகிற மாதிரி. அலமாரிக்குக் கதவு இருக்கட்டும். செடி வைத்தால் தண்ணீர் கேட்கிற செடியாக வை. அப்புறம் சுவரில் இருந்து எதைக் கழற்றினாலும், கழற்றுவதற்கு முன்னால் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், சுற்றி வளைத்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் தொங்குமே நம் பழைய பிரேம், கறுப்பு மரத்தில், ஒரு மூலை விட்டுப்போய், உனக்கு ஞாபகம் இருக்கும். நானும் அப்பாவும் கல்யாணமான புதிதில் எடுத்த படத்துக்காக வாங்கியது. அப்புறம் உன் அக்கா பெரியகண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் ஒரு படம் எடுத்தோம், இன்னொரு பிரேம் வாங்கலாம் என்றேன், எதுக்கு, இதிலேயேதான் இடம் இருக்கேன்னு அப்பா எங்கள் படத்தை எடுக்காமலே அதற்கு முன்னால் அவள் படத்தைச் செருகினார். அவள் போன பிறகு, அவரால் வாசலுக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்க்க முடியவில்லை. உன் அண்ணன் பிறந்ததும் அவன் படத்தை முன்னால் வைத்தார், அப்புறம் உன் படம், அப்புறம் உன் கல்யாணம், அப்புறம் ஒவ்வொரு பேரப்பிள்ளையாக, எது புதிதோ அது முன்னால், யாரையும் வெளியே எடுத்தது கிடையாது. பின்பலகையை மூட முடியாமல் கடைசியில் சணல் போட்டுக் கட்டியிருந்தேன். வெளியே பார்த்தால் நீ குழந்தையோடு நிற்கிற படம். பின்னால் பெரியகண்ணு இருந்தாள். நான் பிரித்துப் பார்க்கவே மாட்டேன், இருக்கிறாள் என்பதே போதும் என்று இருந்தது. உனக்கு அக்காவைத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள், ஆறு வயது. அவள் இருந்ததால்தான் நீ சின்னக்கண்ணு. அவளுக்கு வேறு படம் கிடையாது.

வீட்டு வேலை நடந்தபோது நான் தையல்காரம்மா வீட்டில் இருந்தேன், தூசி ஆகாது என்று. அண்ணி மேல் தப்புச் சொல்லமாட்டேன், முன்னால் இருந்த உன் படத்தைப் பத்திரமாக எடுத்து மெல்லிசான புதுப் பிரேமில் போட்டுவிட்டாள், சணல் கட்டின பழைய பிரேமைப் பிரேம் கடைக்காரரிடம் தள்ளிவிட்டாள். உள்ளே அடுக்கி வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும், யார் வீட்டில் இப்படிச் செய்வார்கள். பழைய படம் எல்லாம் இதில் ஓடும் அத்தைன்னு பெருமையாக ஒரு கரண்ட் பிரேம் வாங்கி வைத்தாள், செல்போனில் இருக்கிற படங்கள் அதில் தானாக மாறி மாறி வருகின்றன. இல்லாமல் போன அப்பா அதில் வருகிறார், நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் போய்விடுகிறார், குட்டையன் நீச்சல் உடுப்பில் வந்து நிற்கிறான். வீட்டில் ஆள் இல்லாதபோதும் அவர் அப்படித்தான் வந்து வந்து போகிறார். பழைய பிரேம் எங்கே என்று நான் கேட்டபோதுதான் அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தேற்றுவதா, நான் அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிரேம் தொங்கின இடத்தைக் கேட்டாயானால், பெயிண்டர் சாம்பல் நிறத்தை அங்கே மட்டும் திரும்பத் திரும்ப அடித்தார், வெயில் சாய்ந்து உள்ளே வந்தால் சதுரமாகத் தெரிகிறது. அம்மா, இந்த இடம் மட்டும் என் பெயிண்டைக் குடிக்கமாட்டேங்குதுன்னு சலித்துக்கொண்டு போனார்.

அண்ணியும் நானும் பிரேம் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷன்தான், மரத்துக்குத்தாம்மா வாங்கினேன், படம் எனக்கு எதுக்கு, ஓட்டலுக்கெல்லாம் அலங்காரம் பண்றவர் ஒருத்தர் மாசாமாசம் வந்து பழைய படங்களை வாரிக்கிட்டுப் போறார், யாரோ எவரோ தெரியாத முகங்களைச் சுவர் நிறைய மாட்டறதுதான் இப்போ ஃபேஷன் என்றார். எங்கே மாட்டுகிறார்கள் என்று கேட்டு, பெரிய தெருவில் இருக்கிற காபிக்கடைக்குப் போனோம். சின்னக்கண்ணு, உள்ளே நுழைந்து பார்த்தால், ஒரு சுவர் முழுக்க முகம். மீசைக்காரர்கள், கைக்குழந்தைகள், கல்யாண ஜோடிகள், எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள், கீழே பிள்ளைகள் காபி குடித்துக்கொண்டு தங்கள் போனைப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நானும் உன் அப்பாவும் இருந்தோம். தங்கக் கலர் அடித்த பிரேமில். அப்பா நாற்காலியில், நான் பக்கத்தில் நின்று அவர் தோளில் கை வைக்கலாமா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தின கையோடு. பரிமாறுகிற பெண் வந்து, அது எங்க முதலாளியோட கொள்ளுத்தாத்தா பாட்டி, அவங்கதான் இந்தக் கடையை ஆரம்பிச்சாங்கன்னு எங்களுக்கே சொல்கிறாள். அண்ணி பொங்கிவிட்டாள், கொள்ளுப்பாட்டியா, இதோ உயிரோட நிக்கறாங்க, நல்லாப் பாருன்னாள். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்படியா பாட்டின்னு மரியாதைக்குச் சிரித்தாள். நம்பவில்லை. நம்பாததற்கு அவளைக் குறை சொல்ல முடியாது, நானே கண்ணாடியில் என்னைப் பார்த்து வாங்க என்றவள்.

பெரியகண்ணு அந்தச் சுவரில் இல்லை. நான் நாற்காலி நாற்காலியாக நகர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பார்க்கும்போதுதான் ஒன்று தெரிந்தது, அவள் முகம் எனக்கு வரவில்லை. ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்திருந்தது தெரியும், ஸ்டுடியோக்காரர் கட்டிக்கோம்மா என்றதற்கு மாட்டேன் என்று உதட்டைப் பிதுக்கினது தெரியும், முகத்தை நினைத்தால் திரும்பிக்கொள்கிறாள். முதுகுதான் தெரிகிறது. இத்தனை வருஷம் பின்னால் இருக்கிறாள் என்ற தைரியத்தில் நான் மனதில் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. கடை முதலாளி வந்தார், சின்ன வயதுப் பையன், கதை கட்டினதற்கு வெட்கப்பட்டு முகம் சிவந்துவிட்டான். அலங்காரக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டான். அந்தக் கட்டைப் பிரித்துப் பல ஊருக்கு அனுப்பியாச்சு, எது எங்கே போச்சுன்னு தெரியாது, மாட்டினது அலுத்துப்போனால் ஒரு கடைப் படத்தை இன்னொரு கடைக்கு மாத்திக்கிட்டே இருப்போம், சுத்திச் சுத்தி வரும் என்றாராம். பையன் ஸ்டூல் போட்டு ஏறி எங்கள் படத்தைக் கழற்றப் போனான். அண்ணி பையைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் வேண்டாம், இறங்குப்பா என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன் கத்தினான், உனக்கென்ன பைத்தியமா, சொந்தப் படத்தைக் காபிக்கடையில் விட்டுட்டு வர்றியேன்னு. அவனிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். படங்கள் சுற்றிச் சுற்றி வருமாம். என்றைக்காவது பெரியகண்ணு அந்தச் சுவருக்கு வந்தால், தெரியாத முகங்களுக்கு நடுவில் நிற்பாள். இப்போது இருக்கிற என்னை அவளுக்குத் தெரியாது. அந்தப் படத்தில் இருக்கிறேனே, அந்த அம்மாவைத்தான் தெரியும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்த பிள்ளை வந்தால் எங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு எனக்கு ஆள் அனுப்பு என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் எங்கள் பக்கத்திலேயே ஒரு ஆணி அடித்து, காலியாக விட்டான். வாரத்துக்கு ஒரு தடவை அண்ணியே என்னைக் கூட்டிப்போகிறாள், காபி நன்றாக இல்லை, குடித்துவிட்டு வருகிறோம்.

இனி உன் வீட்டுச் சுவர். போன தடவை அனுப்பிய படத்தில் பேரன் தலைக்குப் பின்னால் பழைய பிரேம்கள் தெரிந்தன, யாருன்னு தெரியாதும்மா, கடையில் கட்டாக வாங்கினேன், பழசு பார்க்க அழகா இருக்குன்னு எழுதியிருந்தாய். அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை. இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன், அதில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். நம் பிள்ளை இல்லை, அது எனக்குத் தெரியும், நம் பிரேம் போவதற்கு முன்னாலேயே நீ வாங்கியது. யாரோ பெற்ற பிள்ளை. அவளைக் குளியலறைக்குப் போகிற வழியில், குடை மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாய். புது வீட்டில் அவளுக்கு வெளிச்சம் விழுகிற சுவராகப் பார்த்துக் கொடு. மற்றவர்களை, உனக்கு விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்து, எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டுவை, அவர்கள் இல்லாத இடத்தில் உன் பிள்ளை வரைகிற படத்தை மாட்டு. அவளை மட்டும் கொடுக்காதே. அந்த வழியாகப் போகும்போது என்னடி என்று ஒரு வார்த்தை கேள். நீ அங்கே அவளைக் கேட்டால், எங்கேயோ ஒரு சுவரில் யாராவது உன் அக்காவைக் கேட்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு, தப்பென்றால் விட்டுவிடு.

நீங்கள் மூன்று பேரும் புது வீட்டில் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகம் ஒருவருக்கு அலுக்காமல் நெடுங்காலம் வாழவேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனைக் குளிரில் தலை துவட்டாமல் விடாதே. போன் வழியாக அனுப்பாமல், கடையில் போட்டுத் தபாலில் ஒரு படம் அனுப்பு, நீயும் பேரனும் நிற்கிற மாதிரி, அவன் கையில் அந்தச் சின்னப் பெண் படத்தைக் கொடுத்து, அவள் முகம் தெளிவாகத் தெரியும்படி. வாசல் பக்கம் அந்தச் சதுரம் தெரிகிற இடத்தில் மாட்டக் கறுப்பு மரத்தில் ஒரு பிரேம் செய்யச் சொல்லி வாங்கிவிட்டேன். ஆழமாகச் செய்யச் சொன்னேன், பின்பலகைக்கு ஆணி அடிக்கவில்லை. உன் படத்தை முன்னால் வைப்பேன், பின்னால் இடம் விட்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா