பீரோவில் பூட்டிய பேய்க்கதை

தாமரை அப்பாவுக்கு,

காலர் தைத்துத் தைத்து வலது தோள் தூக்கவே வரவில்லை. நேற்று மாலை உங்களோடு சண்டை போடத் தெம்பில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டு ஃபேக்டரிக்குப் போகிறேன்.

பீரோவைத் திறந்து, நீங்கள் பூட்டி வைத்த அந்தப் பிரெஞ்சுப் பேய்க்கதைப் புத்தகத்தைத் தாமரையின் தலையணை மேல் வைத்துவிட்டேன். சாவி என் பையில் இருக்கிறது. காவடி விரதம் முடியும்வரை வீட்டில் பேயும் காதலும் கூடாது என்றீர்கள். முருகனே சூரனோடு சண்டை போட்டவர், வள்ளியைக் காதலித்துக் கட்டினவர். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாமரை படித்துத் தமிழில் சொல்வதை, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் ஃபேக்டரிப் பெண்களுக்குப் புரிகிற கிரியோல் பேச்சில் சொல்கிறேன். எங்கள் தையல் வரிசையே காத்திருக்கிறது. கதையில், கோட்டைக்கு வாழ்க்கைப்பட்ட பெண் பூட்டிய அறைக் கதவில் கை வைத்துவிட்டாள். இன்று மாலையும் மேலே கதை இல்லை என்றால், "உள்ளே இருக்கிற பேய் உன் வாத்தியார் புருஷன்தான்" என்பாள் பக்கத்து மெஷின் பியெரெட்.

உப்பளத்தில் வெந்த காலோடு வளர்ந்தவள் நான். எந்தப் பேய்க்கும் பயந்ததில்லை. இந்தக் கதையில் மட்டும் ஆசையாகப் பயப்படுகிறேன். அது எனக்கு வேண்டும்.

சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். மழை வந்தால் துணியை எடுங்கள். மாலை பியெரெட் கதை கேட்க வருவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாந்தா

மறந்துவிட்டேன். "குப்பை படிக்கிற புத்தி" என்று நீங்கள் சொன்னதற்குப் பிள்ளை சாப்பிடாமல் படுத்தாள். அவளிடம் நீங்கள் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.