ஸ்பூன் வரும் வழி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. விபத்துக்குப் பிறகு உன் கைகளைப் பற்றி நாம் பேசியதேயில்லை.

ஊட்டிவிடும் ரோபோ வந்து சேர்ந்திருக்கும். அத்தான் அதை மேசையில் பொருத்தியதும் நீ தலையசைத்தால் போதும். தாடை எப்படித் திறக்கும் என்று ஆராய்ந்தவள் ஒரு விஞ்ஞானி. மூட்டுகளைச் செய்தவர் எங்கள் பொறியாளர். ஸ்பூன் போகும் பாதையைக் கணக்குப் போட்டவன் நான். இருப்பதிலேயே குறுகிய பாதை அது. கணக்கில் தப்பில்லை. ஆனாலும் சாப்பிட்டுப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அலுத்துவிட்டது அக்கா. எங்கே தப்பு என்று நீ சொல்.

உன் தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார். "மெதுவாச் சொல்லு, கை வலிக்குது" என்று முணுமுணுப்பு வேறு.

உன் ரோபோ குத்த வருவதுபோல் வருகிறது. நேர்கோட்டில் வந்தால் யாருக்குத்தான் பயமிருக்காது? ஓவிய டீச்சராக இருந்தவள் சொல்கிறேன், கேள். ஊட்டும்போது அத்தான் கை தாழ்வாகப் புறப்பட்டு, பக்கவாட்டில் வளைந்து ஏறி, உதட்டுக்கு முன்னால் நின்றுவிடும். மிச்ச தூரம் நான் போய் வாங்கிக்கொள்வேன். நான் சொல்ல அவர் வரைந்த வளைவை இத்துடன் வைத்திருக்கிறேன். கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இந்த முறையும் பெட்டிதான் வந்தது. நீ வரவில்லை.

அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்கா,

"படம் வரையிறவங்க பேச்சைக் கேட்டா ரோபோ செய்யறது?" என்று முதலில் சிரித்தார்கள். உன் வளைவைச் சமன்பாடாக மாற்றிப் போட்டேன். அதன்பிறகு ஒருவரும் முகம் திருப்பவில்லை. எங்கள் குழுவில் எல்லாரும் இருந்தோம், வரையத் தெரிந்த ஆள்தான் இல்லை. உன் வீட்டு ரோபோவுக்கும் அதை அப்போதே அனுப்பிவிட்டேன்.

ஆனால் மேலிடம் திட்டத்தை மூடிவிட்டது. எல்லா ரோபோக்களையும் திரும்ப எடுக்கிறார்கள், உன்னுடையதையும்தான். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். இனிமேல் எங்களுக்குக் கிடங்கில் சுமை தூக்கும் ரோபோ வேலை. சுமை முகத்தைத் திருப்பிக்கொள்ளாது, அது ஒன்றுதான் நிம்மதி.

மன்னித்துவிடு.

தம்பி

மே 8

அன்புத் தம்பிக்கு,

நேற்று ஆள் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டான். நீ மனசை விட்டுவிடாதே.

புது வளைவில் அது எனக்கு ஊட்டிய முதல் நாள், அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். "நீங்களும் தட்டைப் போட்டுக்கிட்டு உட்காருங்களேன்" என்றேன். எதிரே உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும், "என்ன இது, உப்பே இல்லையே! இத்தனை நாளா இதையா உனக்கு ஊட்டினேன்?" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. விபத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சாப்பிட்டது அப்போதுதான். அதுவரை எனக்கு ஊட்டி முடித்துவிட்டு, ஆறிப்போனதைச் சமையலறையில் நின்றபடியே ருசிகூடப் பார்க்காமல் விழுங்குவார். இன்று மறுபடியும் அப்படித்தான்.

இந்த இடத்தில் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எழுதுங்க, அவன் தெரிஞ்சுக்கட்டும்" என்றேன்.

இனி எதையும் அனுப்பாதே தம்பி. லீவு போட்டுவிட்டு நீ வா. வந்து ஒரு வேளையாவது எனக்கு ஊட்டு. அவர் சூடாகச் சாப்பிடட்டும்.

உன் அக்கா