கொதிநீரில் கிடந்த சாவி

விரல்களில் இன்னும் சம்பங்கி வாசம். நேற்று மாலை உன் படத்துக்கு மாலை போட்ட கை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. போகாதது நல்லதுதான். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

இரங்கல் கூட்டத்தில் நம் பழைய டாக்டர் பேசினார். ஓய்வு பெற்றுவிட்டார், தலை முழுக்க வெள்ளை, குரல் மட்டும் அதே குரல். உன்னைப் பற்றி அவர் சொன்னது இது: "சொன்னதை மறுபேச்சு இல்லாமல் செய்த நர்ஸ்." எல்லோரும் தலையாட்டினார்கள். உன் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பேசி முடிப்பதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். செத்த பிறகும் உன்னை ஊசி போடும் ஒரு கையாக மட்டும்தான் அந்த ஆளால் பார்க்க முடிகிறது.

கனகாவை நீ மறந்திருக்க மாட்டாய். தலைப்பிரசவத்துக்குக் கரியமாணிக்கத்திலிருந்த தாய்வீட்டுக்கு வந்திருந்தவள். நாம் இருவரும் நர்சிங் பட்டம் வாங்கி, அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த புதிது. காலையிலிருந்து அவளுக்கு வலி. பிரசவ அறை வாசலில் அவளுடைய அண்ணன் நின்றான். நிறையக் கரும்பு போடுகிறவன், ஊரில் பெரிய கை. கையில் பஞ்சாங்கம். சாயங்காலம் ரோகிணி நட்சத்திரம் பிறக்கிறதாம். ரோகிணியில் பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம்.

"நர்சம்மா, அதுக்குள்ள ஒரு ஊசியப் போட்டு எடுத்துடுங்கம்மா."

"இன்னாண்ணே, மொளகாச் செடியில காய் பறிக்கிற மாதிரி சொல்றீங்க?" என்று நீ சிரித்தாய்.

அவன் சிரிக்கவில்லை. நேராக டாக்டரிடம் போனான். டாக்டர் வந்தார். கனகாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாசலில் நின்றபடியே, "வலி ஊசி போடுங்க சிஸ்டர்" என்றார்.

நீ வெகுநேரமாக அவள் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாய். "வலி நல்லாத்தான் வருது டாக்டர். தலைதான் எறங்கல. வலி வரும்போதெல்லாம் புள்ளையோட துடிப்பு தடுமாறுது. இப்ப ஊசி போட்டா வலி இன்னும் கூடி கர்ப்பப்பை கிழிஞ்சிடும். பாண்டிக்கு அனுப்பிடலாம்."

"இங்க டாக்டர் நீயா, நானா?"

நீ மருந்து அலமாரியின் சாவியை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே வந்தாய். அடுப்பில் கத்தரிக்கோல்கள் கொதித்துக்கொண்டிருந்தன. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அந்தக் கொதிநீரில் போட்டு மூடினாய். என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாய். பிறகு வாசலுக்குப் போய், "சாவி கெடைக்கல டாக்டர்" என்றாய்.

அவர் ஒவ்வொரு மேசை இழுப்பறையாகத் திறந்து கத்திக்கொண்டிருந்தபோது நீ அண்ணனிடம் போனாய். "அண்ணே, ரோகிணிக்கு முன்னால வேணும்னா இங்க ஆவாது. பாண்டியில ஆப்பரேஷன் பண்ணி எடுத்துடுவாங்க. கார் இருக்குதுல்ல?"

ஓடினான். தங்கைக்காக அல்ல, தனக்காக. அவளைக் காப்பாற்ற அந்த ஓட்டம்தான் உனக்குக் கிடைத்தது.

பாண்டிக்குப் போகும் வழியில் வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருந்ததாகப் பிறகு சொன்னாய். அவன் இறங்கி நின்று கேட்காரரைத் திட்டினானாம். நீ பின்சீட்டில் கனகாவின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி காகிதமாய் மெலிந்துபோயிருந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூடியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்று அறுவை செய்த டாக்டரம்மா சொன்னார். ஆண் குழந்தை. தாமதமாகத்தான் அழுதது, ஆனால் அழுதது. அதற்குள் ரோகிணி பிறந்துவிட்டது.

இரண்டு புகார்கள் போயின. உத்தரவை மீறினாள் என்று டாக்டர். தன் உயிருக்கு உலை வைத்தாள் என்று அண்ணன். கனகாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க மேலிடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. உன்னைக் காரைக்காலுக்குத் தூக்கி அடித்தார்கள். நடந்ததை நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வுடுடி, ரெண்டு உசுரும் பொழச்சிடுச்சில்ல" என்று பெட்டியைக் கட்டினாய். எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாய்.

உன்மேல் எனக்குள்ள கோபம் அதுதான். நீ வாயைத் திறக்கவில்லை, அதனால் அந்த ஆள் நேற்று மைக்கைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கீழ்ப்படிந்தவள் ஆக்கினார். அந்தத் தாய்மாமனும் கல்லுக்குண்டாக இருக்கிறான். ரோகிணியில் பிறந்த மருமகனின் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது.

இன்று காலை என் வார்டில் தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண். இளம் டாக்டர் வாசலில் நின்றபடியே, "வலி ஊசி போட்டுடுங்க சிஸ்டர்" என்றான். அவனிடம் பஞ்சாங்கம் இல்லை. சாப்பாட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அவள் வயிற்றின் மேல், நீ வைத்திருந்ததுபோல், என் கை இருந்தது. அலமாரிச் சாவி என் இடுப்பில். கருவிகள் கொதிக்கும் பாத்திரமும் பக்கத்தில்தான் இருந்தது. உன் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது.

"சாவி எங்கிட்டதான் இருக்கு டாக்டர்" என்றேன். "உள்ள வந்து வயித்துல கை வெச்சுப் பாருங்க. பாத்துட்டுக் கேளுங்க, தரேன்."

அவன் முகம் கறுத்தது. நம் பழைய டாக்டரைப் போலவே வாசலை விட்டு நகராமல் நின்றான். நானும் கையை எடுக்கவில்லை. கடைசியில், கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனான்.