கிளாம்ப் மூடும்வரை காத்திரு

ஜூன் 3
பழைய புரோகிராமில் "இரண்டு நொடி காத்திரு" என்றிருந்தது. நொடிக்கு என்ன தெரியும், கார் இருக்கைச் சட்டத்தைக் கிளாம்ப் பிடித்ததா இல்லையா என்று? மாற்றிவிட்டேன்: மூடியதாகச் சென்சார் சொல்லும்வரை காத்திரு. இனி என் வெல்டிங் ரோபோ ஊகித்துக் கை நீட்டாது.

ஜூன் 6
ஜப்பானில் இது மழைக்காலம், நகோயா முழுக்க மழை. ரோபோ நின்று நின்று போகிறது. அதிர்வில் சென்சார் நகர்ந்துவிடுகிறது. கிளாம்ப் மூடியும் சேதி வருவதில்லை. நான் கெடு எதுவும் வைக்கவில்லை. காத்துக்கொண்டே இருக்கிறது.
லைன் தலைவர் குராமோச்சி சான்: "ஏம்மா, உன் ரோபோ தியானத்துல உக்காந்திருச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். சட்டங்களை எடுத்து வைக்கும் ஹிசாயே சான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு எரிவது அவர் தலைக்கு மேல். மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது.
"நிக்கிறது அது. பேரு கெடுறது எனக்கு" என்றார்.

ஜூன் 7
கெடு வைத்தால், அதற்குப் பிறகு என்ன செய்யச் சொல்வது? பிடிக்காததைப் பிடித்ததாக எண்ணிக்கொள் என்றா?

ஜூன் 11
நேற்றும் இன்றும் ஒரு நிறுத்தமும் இல்லை. காலை உடற்பயிற்சி முடிந்ததும் குராமோச்சி சான் எல்லார் முன்பும் பாராட்டினார். குனிந்து வணங்கினேன்.
நான் எதையும் தொடவில்லையே —

ஜூன் 12
சென்சார் மேல் ஒரு காந்தம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மைக் காந்தம், நண்டு. அது இருக்கும்வரை சென்சாருக்கு எப்போதும் 'மூடியாச்சு'. ரோபோ காத்திருக்கவே இல்லை.
ஹிசாயே சான் மறைக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் விரல நீட்டி, 'சரி'ன்னு சத்தமா சொல்லி, நானே பாத்துட்டுதான் இருந்தேன். என் கண்ணு போதாதா?"
"ஒரு தடவை தவறிட்டா?"
"விளக்கு எரிஞ்சா என்னைப் பாக்குறாங்க. உன்னை யாரு பாக்குறா?"


ஜூன் 13
சொல்லாவிட்டால் அந்தச் சட்டங்கள் கார்களுக்குள் போய்விடும். சொன்னால் ஹிசாயே சான் போய்விடுவார். சே, என்ன வேலை இது.
குராமோச்சி சானிடம் சொன்னேன். ஒட்டியது அவர், ஒட்ட வைத்தது என் புரோகிராம் என்று. சட்டங்களை நிறுத்திச் சோதித்தார்கள். ஒன்று கோணல். ஒன்றே ஒன்று.
குராமோச்சி சான்: "இப்ப அவங்கள என்ன பண்ணச் சொல்ற?"
"அந்த நிறுத்தமெல்லாம் என் பேர்ல போடுங்க."
நிறுத்தப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

ஜூன் 17
சென்சாரை இறுக்கியாயிற்று. புதிய வரி: கொஞ்ச நேரம் காத்திரு. சேதி வராவிட்டால் அசையாதே. விளக்கு வேண்டாம், என் மேசையில் மணி அடி.

ஜூலை 1
காலையிலேயே மணி. நான் எழுவதற்குள் லைனின் அந்தக் கோடியில், அதே பழைய இடத்திலிருந்து ஹிசாயே சானின் குரல்: "ஏய், உன் ஆளு கூப்பிடுறான்! டீ அப்புறம் குடிக்கலாம், ஓடி வா!"
ஓடினேன்.