ஷிம்னாவுக்குப் போட்ட பூச்சியம்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சுபோதினிக்கு,

அம்மாவின் இடது முழங்காலையும் எங்கள் தொடர்மாடியின் லிஃப்ற்றையும் தவிர இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் பிரசாந்தும் குளிரில் விறைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பிள்ளையாரிடம் சொல்லிவருகிறேன், இதற்குள் அவருக்கும் உங்கள் மெல்பேர்ன் முகவரி பாடமாகியிருக்கும். வட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுசனுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அம்மா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வார், இந்த விசயத்தில் அவருடைய திருத்தமெல்லாம் சரியாகவே இருக்கும், அதுதான் எழுதுகிறேன். லிஃப்ற் பழுதாகி மூன்று கிழமை. ஐந்தாம் மாடிச் சவுந்தரநாயகம் மாஸ்டர் ஏறும்போது மூன்றாம் மாடிப் படியில் இளைப்பாற உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அன்றைய பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறார், அதனால் எங்களுக்குப் பத்திரிகைச் செலவு மிச்சம். மற்றப்படி மழை, வெயில், மரக்கறி விலை எல்லாம் நீ அறிந்ததுதான்.

இனி என் கதை. நான் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். மீத்திறன் கொண்ட மாணவரை, அதாவது மற்றப் பிள்ளைகளைவிட மிகக் கெட்டிக்காரரை, ஆசிரியர்கள் எப்படி இனங்கண்டு வளர்ப்பது என்பதற்கான பயிற்சி. பள்ளிக்கூடத்துக்கு ஒருவரை அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூட அதிபர் வகுப்பு நேரசூசியை விரித்துவைத்து, யாரை மூன்று நாள் கழற்றினால் கொட்டாஞ்சேனையில் எவருக்கும் தெரியவராது என்று பார்த்திருக்கிறார். இளம் ஆசிரியர்களுக்கு ஓ.எல். பரீட்சை வகுப்பு, விஞ்ஞான ரீச்சர் பிரசவ விடுமுறை. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும் கதிர்காமநாதன்தான் மிஞ்சினேன். எதிர்காலத்து மேதைகளை இனங்காண என்னைவிடப் பொருத்தமானவர் வேறு யார். அதிபர் என் தோளில் தட்டி, போய்ப் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்றார், எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கு முந்திய வியாழக்கிழமை நடந்ததை இப்போதே சொல்லிவிடவேண்டும். தரம் ஒன்பதில் ஷிம்னா என்று ஒரு பிள்ளை, மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து வருகிறவள். தகப்பன் றவூப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்கிறார், தாய் நஸீறா வீட்டிலேயே தையல். தவணைப் பரீட்சையில் ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். முப்பது மீற்றர் நீளம், இருபது மீற்றர் அகலமான புல்வெளி, அதன் நடுவே இரண்டு மீற்றர் அகலத்தில் நீளப்பாட்டுக்கு ஒரு பாதை, குறுக்கே ஒரு பாதை. மிஞ்சும் புல்லின் பரப்பு என்ன? என் முறை உனக்கும் தெரியும், உனக்கும் நான்தானே படிப்பித்தேன். முழுப் பரப்பைக் காண், ஒரு பாதையைக் கழி, மற்றதைக் கழி, இரண்டும் சந்திக்கும் சதுரத்தை இரண்டுதரம் கழித்துவிட்டோமே என்று ஒருதரம் கூட்டு, நாலு வரியில் ஐந்நூற்று நான்கு. ஷிம்னாவின் தாளில் 504 மட்டும் இருந்தது. தாள் முழுவதும் அப்படித்தான், வரி கிடையாது, வெறும் விடை, அத்தனையும் சரி. பக்கத்து மேசையில் ஜனா, அச்சடித்ததுபோல எல்லா வரியும் எழுதும் என் முதல் பரிசுப் பிள்ளை. நான் வேறென்ன நினைப்பேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் அவளை எழுப்பி, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள், சொல்ல ஒன்றுமில்லாதபடியால்தான் நிற்கிறாள் என்று தாள் முழுவதற்கும் பூச்சியம் போட்டேன். மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. எனக்கு அது பெரிதாகவும் தெரியவில்லை, திங்கட்கிழமை பயிற்சிக்கு என்ன சேட் போடுவது என்பதுதான் யோசனை.

பயிற்சி மண்டபத்தில் ஏசி என்னை உங்கள் ஊருக்கே கொண்டுவந்துவிட்டது. பயிற்சி தந்த வளவாளர் றமேஷ் என்று ஒரு இளம்பிள்ளை, நல்ல பிள்ளை, திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை ஆங்கிலத்திலேயே வாசித்துவிட்டுப் பிறகு தமிழிலும் வாசித்தார். வகுப்பில் சலிப்படையும் பிள்ளை மீத்திறன் உள்ளதாக இருக்கலாம் என்று இரண்டு மணித்தியாலம் விளக்கினார். அந்தக் கணக்கில் பத்தரை மணிக்குள் நாங்கள் முப்பத்தைந்து பேரும் மேதைகளாகிவிட்டோம். பிறகு தீக்குச்சிகளை நகர்த்தும் புதிர் ஒன்று கொடுத்தார். நான் பார்த்த உடனே இரண்டு குச்சியை மாற்றிவைத்து முடித்தேன். அந்தப் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, முதலில் படிவத்தில் உள்ள ஐந்து படிகளையும் நிரப்பச் சொன்னார், விடை பிறகாம். பக்கத்திலிருந்த மட்டக்குளிப் பள்ளிக்கூடத்து ரீச்சர் வேறு, சேர் இதை முன்னமே எங்கேயோ பார்த்திருக்கிறார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தா. என் காது இரண்டும் சிவந்துபோனது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அரைமணித்தியாலம் அதையே சொல்லிக் குமுறினேன், நான் பார்த்து எழுதுகிறவனா, என்னைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா என்று. அம்மா பாவற்காய் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் இருபது குணங்கள் உள்ள பட்டியல் ஒன்று தந்து, தெரிந்த ஒரு பிள்ளையை அதில் வைத்துப் பார்த்து வரும்படி வீட்டுவேலை தந்தார்கள். நான் ஜனாவை வைத்துப் பார்த்தேன். நாலு சரி விழுந்தது. பட்டியல் பிழை என்று ஓரத்தில் எழுதிவைத்தேன், முப்பத்து நான்கு வருட அனுபவம் உள்ளவன் எழுதாமல் யார் எழுதுவது. பிறகு பொழுது போகாமல் அதை உரத்து வாசித்தேன். ஆசிரியரையே திருத்தும், தெரிந்ததைத் திரும்பச் செய்யச் சொன்னால் செய்யாது, யன்னலுக்கு வெளியே பார்க்கும், விடை வந்தபிறகு வழியை எழுத அலுத்துக்கொள்ளும், நியாயமில்லாததைக் கண்டால் உள்ளே சுருங்கிவிடும். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, "இது நீங்கள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தாலை வந்து பேசிற பிள்ளையெல்லோ?" என்றார். நான் ஒரு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் ஷிம்னாவைப் பற்றிச் சொன்ன குறையெல்லாம் அந்தத் தாளில் வரிசையாக அச்சடித்திருந்தது. திரும்பவும் பேனாவை எடுத்தேன். பதினெட்டுச் சரி. மற்ற இரண்டும் எனக்குத் தெரியாதவை, தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவளோடு கதைத்ததில்லை. சுபோ, பட்டியல் பிழை என்று ஓரத்தில் எழுதியதை அதே பேனாவால் வெட்டினேன்.

மூன்றாம் நாள் சிக்கன் பிரியாணி, குழுப்படம், நான் மீத்திறன் மாணவரை இனங்காணும் ஆற்றல் பெற்றுவிட்டேன் என்று ஒரு சான்றிதழ். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் போனால், றவூப் வந்து மகளுக்கு விடுகைப் பத்திரம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், திங்கட்கிழமை அதிபர் கையெழுத்து வைத்தால் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவாள். வேறு எங்கும் சேர்ப்பதாகவும் எழுதவில்லை, தாயோடு தையல் பழகட்டும் என்று சொன்னாராம். அதே மேசையில் மீத்திறன் மாணவரைப் பரிந்துரைக்கும் படிவமும் கிடந்தது. சென்ற தவணைப் புள்ளி எழுபத்தைந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டுமாம். ஷிம்னாவுக்குப் பூச்சியம். அதை மாற்ற வேண்டுமென்றால் பிழை என்னுடையது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அது என் சொந்தக் கோவையில், பேர்சனல் ஃபைலில், ஏறும். புள்ளியைக் கூட்டச் சொல்லிப் பெற்றோர் வருவார்கள், ஆசிரியர் வந்ததை இப்போதுதான் காண்கிறேன் என்று அலுவலக லிகிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்து நான்கு வருடம் ஒரு கறை இல்லாத கோவை மகள், எட்டு மாதம் பொறுத்தால் அப்படியே கட்டி வைத்துவிடலாம். உன்னிடம் மறைக்கமாட்டேன், அரைநாள் யோசித்தேன். பிறகு வெட்கம் தாங்காமல் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மாளிகாவத்தைக்குப் போனோம். அம்மாவை வரவேண்டாம் என்றுதான் சொன்னேன், அங்கேயும் மூன்று மாடி ஏறவேண்டும். நான் தனியப் போனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவேனாம், ஒவ்வொரு படியிலும் ஒரு கை சுவரிலும் ஒரு கை என் தோளிலுமாக ஏறிவந்தார். றவூப் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவரோ கதிரை போட்டு, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி, தேத்தண்ணி வரும்வரை அம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். பிறகு, தன் பிள்ளை களவாக எழுதுகிறவள் இல்லை, ஆனால் சேர் சொன்னால் ஊரே நம்பும், அந்தப் பெயரோடு அவள் எப்படி வகுப்பில் இருப்பாள் என்று தணிந்த குரலில் கேட்டார். நான் ஷிம்னாவைக் கூப்பிடச் சொல்லி, எண்களை மாற்றி அதே கணக்கைக் கேட்டேன். நாற்பதுக்கு இருபத்தைந்து, பாதை மூன்று மீற்றர். நான் மனத்துக்குள் முதல் வரியில் நிற்கும்போதே அவள் எண்ணூற்றுப் பதினான்கு என்றாள். எப்படி என்று கேட்டேன். அவள் தாயின் மெசினுக்குக் கீழே கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்து, நடுவே நீளப்பாட்டுக்கு ஒரு பட்டியும் குறுக்கே ஒரு பட்டியும் வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய நாலு துண்டையும் என் முன்னால் நெருக்கி வைத்தாள். ஒரே துணி, நீளத்தில் மூன்று குறைவு, அகலத்தில் மூன்று குறைவு. முப்பத்தேழை இருபத்திரண்டால் பெருக்கினால் முடிந்தது. கழிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. இத்தனை வருடம் நான் அந்தப் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறேன், அவள் அதை மடித்துக் கையில் தந்துவிட்டாள்.

இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவள் தகப்பனை ஒருதரம் பார்த்துவிட்டு, "எப்பிடிச் செஞ்ச எண்டு நீங்க கேக்கல்லயே சேர். யாரப் பாத்து எழுதின எண்டுதானே கேட்டீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடமும் தாய் தகப்பனிடமும் மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமை, அன்று அவளை எழுப்பிய அதே இடத்தில் நின்று நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் அவளுடைய வெறும் கதிரைக்கும் முன்னால், பிழை ஷிம்னாவுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அதிபருக்குப் பிடிக்கவில்லை, இப்படியே போனால் ஒழுக்கம் என்னாவது என்றார். ஆனால் றவூப் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார், செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள், புள்ளி திருத்தப்பட்டது, படிவமும் போய்விட்டது. இப்போது அரசாங்கக் கடதாசியில் அவள் மீத்திறன் மாணவி. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அன்று அம்மாவுக்கு ஐஸ்கிறீம்கூட வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடந்த புதன்கிழமை ஒரு சிறு பரீட்சை வைத்தேன். அவள் எப்படி வெட்டி ஒட்டப்போகிறாள் என்று பார்க்கும் ஆசையில் ஷிம்னாவின் தாளைத்தான் முதலில் எடுத்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் நாலு வரி எழுதியிருந்தாள். அத்தனையும் என் வரிகள், கழித்து, கழித்து, திரும்பக் கூட்டி, அடிக்கோடும் போட்டு, ஜனாவின் தாள்தானா என்று பெயரைத் திரும்பப் பார்த்தேன். இடைவேளையில் கூப்பிட்டு, உன் வழி எங்கே பிள்ளை, எனக்கு அதுதான் விருப்பம் என்றேன். தலையை நிமிர்த்தாமல், "இதுதான் பயமில்லாத வழி சேர்" என்றாள். மகள், முப்பத்து நான்கு வருடமாகப் பிள்ளைகளிடம் நான் கேட்டது ஒரு குறையுமில்லாமல் கிடைத்துவிட்டது. நூற்றுக்கு நூறு போட்டேன், வேறென்ன போடமுடியும். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தினமும் அவளுக்குப் புள்ளியில்லாத கணக்கு ஒன்று கொடுக்கிறேன், வாயால் சொன்னால் போதும், எழுதவேண்டாம் என்கிறேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒற்றைத்தாளும் பேனாவும் எடுத்து வரி வரியாகத்தான் எழுதினாள்.

சவுந்தரநாயகம் மாஸ்டரின் மகன் புதன்கிழமை அங்கே வருகிறார், இந்தக் கடிதத்தோடு ஒரு கிலோ மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறோம், வந்ததும் போத்தலில் போட்டு இறுக மூடிவை, பிரசாந்துக்கு உறைப்புக் குறைத்துச் சமை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், பிள்ளையார் துணை நிற்பார். ஒன்று மட்டும் மறவாதே. ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஓம் அப்பா, எல்லாம் ஓகே என்கிறாய், வேலை ஓகே, வீடு ஓகே, பிரசாந்த் ஓகே, வரி தப்பாமல் சொல்கிறாய். நீயும் என்னிடம்தானே படித்தாய். இந்தமுறை பதில் எழுதும்போது வரிசையெல்லாம் வேண்டாம், நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. நான் திருத்தமாட்டேன்.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
அப்பா