நீதுவின் சைக்கிளுக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு போர்க்

அன்புள்ள மினிக்கு,

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான்! நம் மகள் தொட்டிலில் கிடந்து காலை உதைத்தபோதே, இவள் மலையில் சைக்கிள் விடுவாள் என்றேன், நீதான் சிரித்தாய். இப்போது ஆரியங்கோட்டு மலைச் சைக்கிள் போட்டிக்கே தேர்வாகிவிட்டாள். கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முட்டுவலி எப்படி?

உன் அண்ணன் மகன் ஜிபின் கொண்டுவரும் பெட்டியில் இருப்பது சஸ்பென்ஷன் போர்க், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை. முன்சக்கரம் கல்லில் ஏறினால் இது அமுங்கி எழும்பும், கை குலுங்காது. ஸ்பிரிங் வைத்தது கனமென்று தள்ளிவிட்டுக் காற்றடைப்பதை எடுத்தேன். அதைப் பார்த்துக் கடையின் அரபி முதலாளியே சாயாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார்!

ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி காற்று அடைக்க வேண்டும்.

"மாமா, நீதுக்கு வெயிட் எவ்வளவு?" என்றான் ஜிபின்.

"நாப்பத்தெட்டாக்கும்! பெத்த அப்பனுக்குத் தெரியாதாலே?"

"காத்து கூடிப்போச்சுண்ணா கல்லு பிள்ளைய தூக்கி எறிஞ்சிரும், பாத்துக்கிடுங்க."

அவனுக்குப் பொறாமை. நானே அதை இங்குள்ள ஒரு சைக்கிளில் மாட்டி, படிக்கட்டில் இறக்கிச் சோதித்தேன். கடைசிப் படியில் சற்றுச் சரிந்தேன். முழங்கையில் சின்னக் கீறல்தான், பயப்படாதே.

ஜிபின் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. நீதுவின் இப்போதைய படம் ஒன்றும் வேண்டும், சுவரில் ஒட்ட.

பிறகு, போட்டிக்கு முன் அவளை ஹெல்மெட்டோடு பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் ஏற்று. பம்பு பெட்டியில் உண்டு. ஜிபின் காற்றைச் சரியாக்குவான். கார் வந்துவிட்டது, அவன் அவசரப்படுத்துகிறான். அந்த நாற்பத்தெட்டு நான் சும்மா அடித்துவிட்டது, மினி. கடைசியாக நான் தூக்கியபோது அவள் ஒரு கைக்குள் அடங்கினாள். இப்போது எவ்வளவு என்று போனில் அவளிடமே கேட்க நாணமாக இருந்தது.

உன்,
ரெத்தினதாஸ்