தண்ணீர் அசையும் இடம்

கடல் தாண்டிப் போன மகனுக்கு அப்பா எழுதுவது. நீ நலம் என்று மருமகள் சொன்னாள். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதனால் எழுதுகிறேன், அவள் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன கடிதத்தில், பாப்பாவின் தலைக்குள் இருப்பது பொல்லாத கட்டி, மனதைத் தேற்றிக்கொள் என்று எழுதியிருந்தேன். அதை அழித்துவிடு. நான் பார்த்ததில் தப்பில்லை. பாப்பாவின் ஸ்கேன் படத்தையும் பக்கத்துக் கட்டில் குழந்தையின் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தோம், அந்தக் குழந்தையின் அப்பாவும் நானும். பின்மண்டையில் அதே இடம், அச்சு அசலாக அதே உருண்டை. அந்தக் குழந்தைக்குப் பொல்லாத கட்டி என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அது பொல்லாதது என்றால் இது மட்டும் எப்படி நல்லதாகும்?

பாப்பாவுடையது பொல்லாததாகத் தெரியவில்லை என்று ஸ்கேன் டாக்டரம்மா சொன்னதும், இதையே கேட்டு அவரிடம் சண்டைக்கு நின்றேன். "மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்று மருமகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த அம்மா, "உட்காருங்க ஐயா, நீங்க பாக்காத படம் ஒண்ணு இருக்கு" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார். கட்டிக்குள் தண்ணீர் அசைகிறதா என்று காட்டும் படமாம் அது. பொல்லாத கட்டியில் செல்கள் நெருக்கியடித்து நிற்கும், தண்ணீருக்கு நகர வழியிருக்காது, அந்த இடம் வெள்ளையாகத் தெரியும் என்றார். பெயரை மறைத்து ஒரு பழைய படத்தையும் காட்டினார். பளிச்சென்ற வெள்ளை. பாப்பாவுடையதில் அந்த இடம் மங்கலாகக் கிடந்தது. தண்ணீர் தாராளமாக நகர்கிறது, சாதுவான கட்டியாகத்தான் தெரிகிறது, முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதுவே போதும் என்றார். எடுத்ததைப் பரிசோதித்த பிறகுதான் முடிவாகச் சொல்வார்களாம்.

நாற்பது வருஷம் பம்புகளோடு மல்லுக்கட்டியவன் நான். எவனிடமும் கற்காமல், குழாயில் காதை வைத்தே அடைப்பைச் சொல்வேன். அதற்கே எவ்வளவு கர்வம் எனக்கு! இங்கே ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், தூங்கும் குழந்தையின் தலைக்குள் கண்ணுக்குத் தெரியாத நீர் நகர்வதைப் பார்த்துவிட்டார்கள்.

வார்டுக்குத் திரும்பியதும் பாப்பா, "இன்னிக்கு யார்கூட சண்டை தாத்தா?" என்றாள். டாக்டரம்மாவிடம் தோற்றுவிட்டேன் என்றேன். நம்பாமல் அவள் அம்மாவிடம் விசாரித்தாள். பக்கத்துக் கட்டில்காரரைத்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஆபரேஷன். மயக்கம் வரும்வரை ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமாம். அப்பா பிடிக்கட்டும் என்கிறாள் பாப்பா.

பட்டறையை உதறிவிட்டுப் போனவன் என் வாசலை மிதிக்கக் கூடாது என்றேன். அந்தப் பேச்சில் மாற்றமில்லை. அது வீட்டு வாசல். ஆஸ்பத்திரி வாசல் என்னுடையது அல்ல.

புறப்பட்டு வா. பத்திரமாக வா.

அப்பா